வாங்கும் முன் திறந்து பாருங்கள்: மெக்கானிக்கல் கீபோர்டு கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஒவ்வொரு விசைக்கு அடியிலும் தனித்தனி சுவிட்ச் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டு மக்கர் செய்தால் பெங்களூரில் இரண்டு விதமான ஆலோசனை கிடைக்கும். கணினிக் கடையில் கேட்டால், "போர்டு போய்விட்டது சார், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்பார்கள். கீபோர்டு பித்துப் பிடித்த அலுவலக நண்பரிடம் கேட்டால், "இந்த சுவிட்ச் பழைய ரகம், இப்போது இதைவிட நல்லது வந்திருக்கிறது" என்பார். இருவர் பேச்சும் போய் நிற்கும் இடம் உங்கள் பணப்பைதான். கோளாறு எங்கே என்று இருவருமே பார்க்கவில்லை.

பழுது என்று என்னிடம் வரும் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருப்பதில்லை. வாங்கினாலும் ஒரு கேபிள், ஒரு சுவிட்ச், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒன்றிரண்டு ரூபாய் டையோடு என்பதோடு முடிந்துவிடும். மூவாயிரம் ரூபாய் பிளாஸ்டிக் கீபோர்டையும் முப்பதாயிரம் ரூபாய் அலுமினியக் கீபோர்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மின்சுற்று இரண்டிலும் ஒரே ஜாதிதான். அதனால் கீழே உங்கள் கீபோர்டின் அறிகுறி எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: கம்பி வகை கீகேப் புல்லர் (விசையின் மேல்மூடியான கீகேப்பைக் கழற்றுவது; பிளாஸ்டிக் வளையம் உள்ளது கீகேப்பின் பக்கவாட்டைக் கீறும்), கூர்நுனி இடுக்கி, மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், 63/37 ஈயக்கம்பி (வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு கலந்த பற்றுக்கம்பி), ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பற்ற உதவும் பசை), ஈயம் உறிஞ்சும் பம்ப், ஐசோபுரொபைல் ஆல்கஹால். எல்லாமே எஸ்.பி. ரோடில் கிடைக்கும். சதர் பத்ரப்பா ரோடு என்ற முழுப்பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. மெட்ரோவில் சிக்பேட்டையிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ இறங்கி நடந்துவிடலாம். டையோடுகளைப் பத்து இருபது என்று எண்ணிக் கொடுக்கும் உதிரிபாகக் கடைகள் சந்துகளுக்குள் இருக்கின்றன. தமிழில் கேட்டாலும் பல கடைகளில் பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்.

கீபோர்டே உயிர் பெறவில்லை

முதல் சந்தேகம் கேபிள் மீது விழட்டும். போனுடன் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் போகும் கம்பிகள் இருக்காது. விளக்கு எரியும், எழுத்து வராது. இரண்டாவது, டைப்-சி வாய் வைத்த சில கீபோர்டுகள் ஒரு வேடிக்கை காட்டும். பழைய அகல யூ.எஸ்.பி. முனையிலிருந்து வரும் கேபிளில் நன்றாக ஓடும். இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் பிணம்போல் கிடக்கும். தயாரித்தவர் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை மிச்சம் பிடித்ததன் விளைவு இது. அந்த மின்தடை இல்லாவிட்டால், எதிர்முனையில் ஒரு கருவி இருப்பதே கணினிக்குத் தெரியாது, மின்சாரமும் தராது. புது லேப்டாப் வாங்கியவுடன் "கீபோர்டு செத்துவிட்டது" என்று சொல்பவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கம்பியில்லா ரகமாக இருந்தால் அடியில் இருக்கும் சிறிய நகர்த்து பொத்தானைப் பாருங்கள். பையில் உரசி புளூடூத் பக்கம் நகர்ந்திருக்கும். விண்டோஸில் வலது ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி விழித்துக்கொள்ளும். அதன்பின் வேகமாகத் தட்டும் எழுத்துகளை அது விழுங்கிவிடும். யோசித்துக்கொண்டே ஷிஃப்ட் மேல் விரலை வைத்திருப்பவர்களுக்கு இது நேர்வது உண்டு.

இவை எதுவும் இல்லையென்றால் டைப்-சி வாயை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது மட்டும் உயிர் வருகிறதென்றால் வாயின் ஈயப் பற்று விட்டிருக்கிறது. ஃப்ளக்ஸ் தடவி, நான்கு கால்களிலும் புது ஈயம் வையுங்கள். அலுமினிய உறை கீபோர்டுகளில் இந்த வாய் தனிச் சிறு பலகையில் இருக்கும். அங்கிருந்து மெயின் போர்டுக்குப் போகும் மெல்லிய கம்பியின் இணைப்பு கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உள்ளே பேட்டரி உப்பியிருந்தால் இந்த வழிமுறையை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். சார்ஜ் ஏற்றாதீர்கள், குத்தாதீர்கள், மின்கழிவு வாங்குபவரிடம் தனியாகக் கொடுங்கள்.

ஒரே ஒரு விசை வேலை செய்யவில்லை

கீகேப்பை எடுங்கள். சுவிட்ச் கழற்றி மாட்டும் ரகம் என்றால், வேலை செய்யும் ஏதாவதொரு விசையின் சுவிட்சோடு இடம் மாற்றுங்கள். கோளாறு சுவிட்சோடு நகர்ந்து போனால் குற்றவாளி அதுதான். இருந்த இடத்திலேயே தங்கிவிட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு.

சுவிட்சை உருவியதும் அதன் அடியில் உள்ள இரண்டு செம்பு நிறக் கால்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று மடங்கிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடக்கும். இந்த ரகத்தில் மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான். வாங்கிய அன்றே வரும் கோளாறும்கூட. இடுக்கியால் நிமிர்த்தி, மறுபடி மாட்டும்போது போர்டின் அடியில் சாக்கெட்டுக்கு நேராக ஒரு விரலை முட்டுக்கொடுத்து, நேர்க்குத்தாக அழுத்துங்கள். முட்டுக்கொடுக்காமல் அழுத்தினால் சாக்கெட் தன் செம்புத் தகட்டோடு பெயர்ந்து வரும். அதைச் சரிசெய்வது இந்தக் கட்டுரையிலேயே எரிச்சலூட்டும் வேலை.

சுவிட்ச் சரி, கால் சரி, எழுத்து மட்டும் வரவில்லையா? சுவிட்சை உருவிவிடுங்கள், கீபோர்டு கணினி இணைப்பிலேயே இருக்கட்டும். சாக்கெட்டின் இரண்டு துளைகளையும் இடுக்கியின் இரு நுனிகளால் ஒரு கணம் இணையுங்கள். எழுத்து விழுந்தால் போர்டு நலம். விழாவிட்டால் சாக்கெட்டின் ஈயப் பற்று, பிறகு டையோடு என்ற வரிசையில் தேடுங்கள். ஐந்து வோல்ட்டுக்கு மேல் அங்கே எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம்.

மாற்று சுவிட்ச் வாங்குபவர்கள் கவனிக்க. இரண்டு உலோகக் கால், நடுவே ஒரு தடித்த காம்பு போக, அடியில் இரண்டு பிளாஸ்டிக் கால்கள் கூடுதலாக உள்ள ஐந்து கால் சுவிட்ச், மூன்று துளை போர்டில் நுழையாது. அந்த இரண்டையும் நகவெட்டியால் வெட்டிவிடலாம், ஒன்றும் ஆகாது. அவுட்டெமு என்ற சீன நிறுவனத்தின் சாக்கெட் வைத்த சில மலிவு போர்டுகளின் துளை குறுகலானது; மெல்லிய கால் உள்ள அவுட்டெமு சுவிட்ச்தான் அதில் போகும், மற்றவற்றைத் திணித்தால் கால் மடங்கும். கண்ணைக் கவரும் எழுபது சுவிட்ச் டப்பாவை வாங்கிவிட்டு இதைத் தெரிந்துகொள்பவர்கள் அதிகம்.

சுவிட்சை ஈயத்தால் போர்டில் பற்றவைத்த ரகமாக இருந்தால், முதலில் அந்த இரு பற்றுகளையும் ஃப்ளக்ஸோடு மறுபடி சூடாக்குங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகும். சுவிட்சை எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு சூட்சுமம் உண்டு. தொழிற்சாலையில் வைப்பது பெரும்பாலும் காரீயம் கலக்காத ஈயம். அது உருக 217 டிகிரியாவது வேண்டும். நம் 63/37 ஈயம் 183 டிகிரியிலேயே உருகும். பழைய பற்றின் மேல் நம் ஈயத்தைச் சற்று உருக்கிக் கலந்துவிட்டால் கலவை தாழ்ந்த சூட்டிலேயே இளகும், பம்ப் ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும். இதைச் செய்யாமல் அயர்னை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் செம்பு வளையம் கையோடு வரும்.

ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்து விழுகிறது

இதற்குத்தான் அதிகம் பேர் புது சுவிட்ச் செட் வாங்குகிறார்கள்.

சுவிட்சுக்குள் இரண்டு உலோக நாக்குகள் இருக்கின்றன. விசை கீழே போகும்போது ஒன்று மற்றொன்றைத் தொடும். தொட்ட கணத்தில் அது சில மில்லி விநாடிகள் துள்ளும். இந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விட கீபோர்டின் மென்பொருள் கொஞ்சம் பொறுத்திருக்கும். பல கீபோர்டுகளுக்குள் ஓடும் கியூ.எம்.கே. என்ற திறந்த மூல மென்பொருளில் இந்தப் பொறுமை வழக்கமாக 5 மில்லி விநாடி. நாக்கில் தூசியோ படலமோ படிந்துவிட்டால் துள்ளல் அதைவிட நீளும். ஒரு தட்டு இரண்டாகும்.

ஆங்கிலத்தில் தட்டுபவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், எழுத்துப் பிழை கண்ணில் குத்தும். தமிழ்99 முறையில் தட்டும் நமக்கு அந்த வசதி இல்லை. அதில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் நடுவே புள்ளி தானாக வந்துவிடும். ஆங்கில ஓ எழுத்துள்ள விசையில் 'ட' இருக்கிறது. அது இரட்டித்தால் 'குடி' குட்டியாகிறது, 'படம்' பட்டமாகிறது, 'பாடு' பாட்டாகிறது. எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. மெய்ப்புப் பார்ப்பவர் உங்கள் ஒற்றுப் பிழைகளைத் திட்டிக்கொண்டிருப்பார். குற்றம் கைக்கு அடியில் கிடக்கும். ஒரு குறிப்பிட்ட மெய் மட்டும் அடிக்கடி இரட்டித்தால் இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டு அந்த விசையைச் சோதியுங்கள்.

சோதனை இப்படி. கணினியில் விசை மறுபடி விழும் தாமதத்தை அதிகபட்சத்துக்கு நீட்டுங்கள், இல்லாவிட்டால் நீண்ட அழுத்தமும் இரட்டிப்பும் குழம்பும். மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒரே விசையை எண்ணிக்கொண்டே நூறு முறை தட்டுங்கள். நூறுக்கு மேல் விழுந்தால் கோளாறு உறுதி. மெதுவாக அழுத்தி மெதுவாக விடும்போதுதான் அது அதிகம் வெளிப்படும்.

நிவாரணத்தை மலிவிலிருந்து தொடங்குங்கள். கீகேப்பை எடுத்து ஊதுங்கள். கணினியிலிருந்து பிரித்துவிட்டு அந்த விசையை ஒரு பாட்டு முடியும்வரை வேகமாகத் தட்டிக்கொண்டே இருங்கள். உலோகம் உலோகத்தோடு உரசிப் படலம் கொஞ்சம் கரையும். அடங்காவிட்டால், விசையை அழுத்திப் பிடித்து ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு மறுபடி தட்டுங்கள், முழுக்க உலர்ந்தபின் இணையுங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டவே வேண்டாம். அதில் அசிட்டோன் இருந்தால் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். அன்று வேலை செய்யும், பிறகு அதன் பிசுக்கில் தூசி வந்து குடியேறும்.

புதிதாகக் கிரீஸ் பூசிய சுவிட்சில் இரட்டிப்பு வந்தால் மருந்தே நோய். உலோக நாக்கில் கிரீஸ் ஏறியிருக்கும். திறந்து, நாக்கை மட்டும் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

எதற்கும் மசியாத ஒரு சுவிட்சை மட்டும் மாற்றுங்கள். "வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் மாற்று" என்று சொல்பவரிடம் ஒரு கணக்கைக் காட்டலாம். செர்ரி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வகை சுவிட்சுகளுக்கு நெடுங்காலமாக ஐந்து கோடி அழுத்தம் என்று ஆயுள் சொல்லப்பட்டது. பின்னர் பத்து கோடி என்றார்கள். ஒரே விசையை நாள்தோறும் பத்தாயிரம் முறை தட்டினாலும் ஐந்து கோடியைத் தொடப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சுவிட்ச் பொதுவாகக் கெடுவது தூசியாலும் ஈரத்தாலும் நாம் சிந்துவதாலும்தான்.

ஒரு வரிசையே செத்துவிட்டது, அல்லது தட்டாத எழுத்து விழுகிறது

நூறு விசைக்கு நூறு கம்பி இழுக்க முடியாது. எனவே விசைகள் குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை என்று வலைபோல் இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சுவிட்ச், ஒரு டையோடு. இதைப் புரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பது தெளிவாகிவிடும். ஒரு விசை மட்டும் போனால் சந்திப்பில் கோளாறு. கோடுபோல் பல விசைகள் போனால் அந்தக் கோட்டின் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. மூன்று விசையைச் சேர்த்து அழுத்தும்போது தட்டாத நான்காவது எழுத்து விழுந்தால், ஒரு டையோடு இருபுறமும் மின்சாரம் விடுகிறது. டையோடே வைக்காத மலிவு போர்டுகளில் அது பிறவிக் குணம், பழுது அல்ல.

டையோடுகள் பெரும்பாலும் 1என்4148 ரகம். மல்டிமீட்டரை டையோடு முறையில் வைத்து இருபுறமும் தொடுங்கள். ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்ட வேண்டும், மறுதிசையில் எதுவும் காட்டக் கூடாது. புதிதாக வைக்கும்போது கோடு உள்ள முனை பக்கத்து டையோடுகளின் கோடு இருக்கும் திசையிலேயே இருக்கட்டும்.

அறுந்த பாதையைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். அந்தக் கோட்டில் கடைசியாக வேலை செய்யும் விசையையும் அதற்கு அடுத்த வேலை செய்யாத விசையையும் தேர்ந்தெடுத்து, இரண்டுக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் ஒலி கேளுங்கள். ஒலி நிற்கும் இடத்தை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். ஸ்குரூடிரைவர் நழுவிக் கிழித்த மயிரிழைக் கீறலோ, பச்சை பூத்த செம்போ தெரியும். இரு புள்ளிகளுக்கும் நடுவே மெல்லிய எனாமல் செம்புக்கம்பி ஒன்றை, முனைகளைச் சுரண்டி, ஈயம் வைத்து இணைத்துவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அடியில் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்?

காபி கொட்டிவிட்டது

முதலில் கேபிளைப் பிடுங்குங்கள். பிறகு கவிழுங்கள். துடைப்பது அதற்குப் பிறகு. ஈரத்தோடு மின்சாரம் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் செம்பு அரிக்கப்படுகிறது. தண்ணீரை மன்னிக்கலாம், சர்க்கரையும் பாலும் கலந்த ஃபில்டர் காபியை மன்னிக்க முடியாது. காய்ந்ததும் அது பசையாகி, ஈரக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கீகேப்புகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உறையைத் திறந்து நடுவில் இருக்கும் ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள், ஈரம் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் இடம் அது. பேட்டரி இருந்தால் கழற்றுங்கள். காபி பட்ட பகுதியை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரால் கழுவி, மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, பின் ஆல்கஹாலால் ஒருமுறை அலசுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, போர்வெல் உப்பு படிந்துவிடும். மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள். மழைக்காலமானால் இன்னும் ஒரு நாள். அரிசிக்குள் புதைப்பதால் பயன் இல்லை. முடி உலர்த்தியின் சூட்டில் பிளாஸ்டிக் வளையும்.

ஸ்பேஸ்பார் கடகடக்கிறது அல்லது மேலே வர மறுக்கிறது

நீள விசைகளுக்கு அடியில் ஸ்டெபிலைசர் என்ற கம்பி உண்டு. கடகடப்பென்றால் அதை எடுத்துக் கண்ணாடிப் பரப்பில் வைத்துப் பாருங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. கையால் நேராக்கி, கம்பியின் இரு முனைகளிலும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத சிலிக்கோன் கிரீஸ்) தடவுங்கள். கீபோர்டுக்கென்று சிமிழில் விற்கும் கிரீஸுக்குக் கொடுக்கும் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு, ஜே.சி. ரோடின் வாகன உதிரிபாகக் கடைகளில் சிலிக்கோன் கிரீஸ் கேட்டுப் பாருங்கள். மேலே வர மறுத்தால் கிரீஸ் அளவுக்கு மிஞ்சியிருக்கும், அல்லது ஸ்பேஸ்பாரே வளைந்திருக்கும். பி.பி.டி. பிளாஸ்டிக் ஸ்பேஸ்பார்கள் வளைவது சகஜம். வெந்நீரில் சிறிது நேரம் போட்டு, தட்டையான பரப்பில் அழுத்தி ஆறவிடுங்கள்.

எழுத்துகள் இடம் மாறி விழுகின்றன

பழுது அல்ல. டபிள்யூ தட்டினால் மேல் அம்புக்குறி வேலை செய்கிறதா? பல கேமிங் கீபோர்டுகளில் எஃப்.என். விசையோடு டபிள்யூவை அழுத்தினால் திரும்பிவிடும். விண்டோஸ் விசை மட்டும் செத்திருந்தால் எஃப்.என்.னோடு அதை அழுத்துங்கள். கியூ.எம்.கே. உள்ள போர்டுகள் சிலவற்றில் இடது மேல்மூலை விசையை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினால் பழைய அமைப்புகள் அழிந்து, மென்பொருள் ஏற்றும் நிலைக்குப் போகும். ஏற்றும் கோப்பு உங்கள் போர்டுக்கே உரியதாக இருக்க வேண்டும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வேறு மாடலின் கோப்பை ஏற்றாதீர்கள்.

எல்லாம் வேலை செய்கிறது, சத்தம்தான் பிடிக்கவில்லை

இதையும் கோளாறு என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள், எனவே சேர்க்கிறேன். செர்ரி நிறுவனத்தின் காப்புரிமை 2014 வாக்கில் முடிந்தபின் கேட்டரான், கைல், அவுட்டெமு என்று சீன நிறுவனங்கள் அதே வடிவத்தில் சுவிட்சுகளைக் கொட்டத் தொடங்கின. இன்று நிறமும் பெயரும் மாறி மாதந்தோறும் புது சுவிட்ச் வருகிறது. கீகேப்புக்கு 'குரூப் பை' என்று, பலர் கூட்டாகச் சேர்ந்து வாங்கும் ஒரு முறை உண்டு. முதலில் பணம் கட்ட வேண்டும். உற்பத்தி பிறகு. ஓராண்டு காத்திருப்பது அதில் அதிசயம் அல்ல. சுங்க வரி வேறு.

எங்கள் அல்சூர் குடியிருப்பில் மேல்மாடியில் இருக்கும் சேலத்துத் தம்பி ஒருவன் இப்படித்தான் வந்தான். "அண்ணா, என் கீபோர்டு தகரம் மாதிரி ஒலிக்கிறது. சுவிட்ச் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?"

"முதலில் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பார்ப்போம், தம்பி."

சர்க்யூட் போர்டின் முதுகில் இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டினோம். ஸ்டெபிலைசருக்குக் கிரீஸ் வைத்தோம். ஒரே ஒரு சுவிட்சைத் திறந்து, விசையோடு ஏறி இறங்கும் தண்டு சரியும் பாதையில் மட்டும் கிரைடாக்ஸ் கிரீஸை மெல்லிய தூரிகையால் தொட்டும் தொடாமலும் பூசி, பக்கத்து சுவிட்சோடு ஒப்பிட்டுக் கேட்டோம். தண்டின் கால்களில் பூசவில்லை. அழுத்தும்போது விரலில் மேடு தட்டும் ரகத்தில் அங்கே பூசினால் மேடு மழுங்கிவிடும். கிளிக் சத்தம் போடும் ரகத்தைத் தொடவே கூடாது.

பையனுக்குப் பிடித்துவிட்டது. மீதி சுவிட்சுகளை அவனே உட்கார்ந்து பூசி முடித்தான். அடுத்த வாரம் ஒரு குரூப் பையிலும் பணம் கட்டிவிட்டான். அதற்கு என்னிடம் வழிமுறை இல்லை.